களிமண் கனவான்கள்



சிலை என்றாலே மாலை போடுவதற்கும் கும்பிடுவதற்குந்தான் என்பதாக நம் மக்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். சிரிப்பதற்கென்றே சிலை செய்த ஒருவரைப் பற்றி நாம் இன்று சொல்லப் போகின்றோம்.

பிரான்சு தேசத்து மார்சேல் நகரில் 1808-இல் கண்ணாடி பொருத்தும் தொழிலாளியின் மகனாய்ப் பிறந்தவர் ஓனோரே தோமியே. சிறு வயதிலேயே பாரிசில் கோர்ட்டு அமீனாவிடம் எடுபிடி வேலை. ஏழை வீட்டுச் சட்டிபானை ஜப்தியாவதை அந்தப் பையன் பார்த்திருக்கமாட்டானா? பிறகு கல்லச்சில் படம் போடக் கற்றுக்கொண்டார்.

1831-இல் லூயி பிலிப் மன்னரைப் பெருந்தீனிக்காரனாக வரைந்தார். ஏழைகளின் பணத்தைக் கூடை கூடையாய்ச் சுமந்து, பலகைமேல் ஏறி, மன்னர் வாயில் கொட்டுகின்றார்கள்! சர்க்கார் சும்மா விடுமா? 1832-இல் ஆறு மாதச் சிறை.

அக்காலத்தில்தான் பத்திராதிபர் பிலிப்போன், சட்டசபைக் கனவான்களின் தலைகளைக் களிமண்ணில் செய்யச் சொன்னார். ஒரு சாண் உயரங்கூட இல்லை. சுடாத மண், மேலே வர்ணம். நீண்ட மூக்கு இன்னும் நீண்டது, தொங்கிய கன்னம் இன்னும் தொங்கிற்று. அவைகளை வைத்துக்கொண்டே பத்திரிகைப் படங்களையும் போட்டார். 1834-இல் தொந்தியுந் தூக்கமுமாகச் சபையையே ஒரு படத்தில் உட்கார வைத்துவிட்டார்!

ஒருவர் மூக்கைக் கேலி செய்வது யோக்கியமா என்று சிலர் கேட்கலாம். பணக்காரனுக்கு மட்டுமே ஓட்டுரிமை இருந்த அந்த நாட்டில், ஏழைக்கு வேறு என்ன ஆயுதம் இருந்தது என்று நாம் கேட்கின்றோம்.

1835-இல் சர்க்கார் அனுமதியின்றிப் படமே வெளியிடக்கூடாதென்று சட்டம் செய்தார்கள். 1848 புரட்சியில் மன்னர் இங்கிலாந்துக்கு ஓடினார். அந்த மண் தலைகளில் 36 இன்றும் பாரிசில் ஓர்சே கண்காட்சிசாலையில் இருக்கின்றன.