வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஏற்ற லினக்ஸ் எது?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம்மவர் வீடுகள் பலவற்றிலே பழையது என்று ஒதுக்கிய கணனி ஒன்று மூலையில் இருக்கும். கலியாண வீட்டுப் படங்களும், பிறநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய காணொளிகளும், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய நாதஸ்வரக் கச்சேரிகளும் ஒரு வன்றட்டிலே கிடக்கும். இவ்விரண்டையும் இணைத்து, வீட்டார் யாவரும் தொலைக்காட்சியிற் கண்டு கேட்டு மகிழ ஓர் ஏற்பாடு செய்தல் கூடும். அதற்கு விலையின்றிப் பெறத்தக்க பணிசெயல் முறைமை லினக்ஸ். ஆனால் லினக்ஸ் ஒன்றன்று, பல. அவற்றுள் எதனைத் தெரிவது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

1991 ஆம் ஆண்டிலே, பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது இருபத்தோராம் வயதில் வெளியிட்டது முறைமையின் கருவை மாத்திரமே. அக்கருவோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்து, நிறுவுவதற்கு ஆயத்தமாகக் கட்டித் தருவதே 'வழங்கல்' எனப்படும். அரிசி ஒன்றே, சோறும் பிட்டும் அப்பமும் வேறு வேறு அன்றோ? பசிக்கும் வேளைக்கும் ஏற்பவே நாம் சமைக்கின்றோம்.

நமது தேவைக்குரியவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, படங்காட்டுதல் ஒன்றையே தொழிலாகக் கொண்டது. லிப்ரெ-எலெக் இதற்குச் சிறந்த உதாரணம். கணனியைத் திறந்தவுடன் 'கோடி' என்னும் செயலியே திரையில் வந்து நிற்கும். இக்கோடி முன்பு எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கென எழுதப்பெற்று, 2014 இல் இப்பெயரைப் பெற்றது. கோடி படங்களைத் தருவதில்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். அது வெறும் அலுமாரி; அதிலே நூல்களை அடுக்குபவர் நாமே. களவுப் படங்களைக் காட்டும் இணைப்புகளோடு விற்கப்படும் பெட்டிகளை நாம் தவிர்ப்பது நன்று.

இரண்டாவது வகை, கோடியை முகமாகவும் டெபியனை உடலாகவும் கொண்ட ஓ.எஸ்.எம்.சி. போன்றது. படமும் காட்டும், வேறு மென்பொருள்களைச் சேர்க்கவும் இடங்கொடுக்கும்.

மூன்றாவது வகை, டெபியன், உபுண்டு, மின்ட் முதலிய பொது வழங்கல்கள். கடிதம் எழுதலாம், இணையத்தில் உலாவலாம், பாடம் படிக்கலாம். கோடியையும் ஒரு செயலியாக நிறுவிக்கொள்ளலாம்.

இனி, தெரியும் முறை. மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் போதும் என்பது எமது கருத்து.

முதல் வினா: கையிலுள்ள கருவி எத்தகையது? இன்று வரும் காணொளிகள் பல எச். 265 என்னும் முறையிற் சுருக்கப்பட்டவை. அவற்றை விரிக்கும் உறுப்பு வன்பொருளிலேயே அமைந்திருந்தால் படம் தடையின்றி ஓடும். இன்டெல் செயலிகளில் இவ்வசதி 2015 இல் வந்த ஆறாந் தலைமுறையிலிருந்தே முறையாக உண்டு. அதற்கு முந்திய கணனியிலே பெரிய படம் விக்கி விக்கி ஓடினால், வழங்கலை மாற்றி மாற்றி நிறுவுவதிற் பயனில்லை. றாஸ்பெரி பை என்னும் சிறு கணனியில், 2019 இல் வந்த நான்காம் வகையும் 2023 இல் வந்த ஐந்தாம் வகையும் எச். 265 காணொளியை வன்பொருளாலேயே விரிப்பன. தொலைக்காட்சியின் றிமோட்டைக் கொண்டே அவற்றை இயக்கவும் முடியும். சாதாரண மேசைக் கணனிகளில் அவ்வசதி பெரும்பாலும் இல்லை.

இரண்டாவது வினா: அக்கணனிக்கு வேறு வேலை உண்டா? இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வீட்டில் உள்ளது ஒரே கணனி. அதிலேதான் தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே லிப்ரெ-எலெக்கை நிறுவினால் எழுதுகருவியும் இல்லை, இணைய உலாவியும் இல்லை. அஃதன்றியும், நிறுவும்போது அந்த வன்றட்டில் முன்பிருந்த யாவும் அழிந்துவிடும். படம் பார்ப்பதற்காகப் பாடத்தைப் பறிப்பது நீதியாகாது. அத்தகைய வீட்டுக்கு மின்ட் அல்லது உபுண்டுவே பொருத்தம். அவற்றை நிறுவுமுன் யு.எஸ்.பி. தண்டிலிருந்து இயக்கிப் பார்த்து, ஒலி, ஒளி, வயர்லெஸ் யாவும் ஒழுங்கா என்று சோதிக்கலாம். தமிழ்ப் பெயரிட்ட கோப்புகள் திரையிற் சரியாகத் தெரிகின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்க.

மூன்றாவது வினா: நாம் இல்லாதபோது அதனைப் பார்ப்பவர் யார்? நிறுவுபவர் நாம், தவணை தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவோம். வீட்டிலிருப்பவர் அம்மாவும் அம்மம்மாவும். கறுப்புத் திரையில் ஆங்கிலக் கட்டளை கேட்கும் முறைமை அவர்களுக்கு எதற்கு? இவ்விடத்திலே லிப்ரெ-எலெக்கின் சிறப்பு விளங்கும். அதன் முறைமைக் கோப்புகள் வாசிக்க மட்டும் திறந்தவை. தவறுதலாக எதை அழுத்தினாலும் அவை எளிதிற் கெடா. 2022 இல் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டுக் கண்ட நாட்டினர் நாம். திடீரென மின் போனாலும் எழும்பும் முறைமையின் அருமை நமக்குத் தெரியும். ஆயினும் நம் படங்கள் உள்ள பகுதிக்கு அக்காவல் இல்லை. அவற்றுக்கு இன்னொரு படி எடுத்து வைத்தலே காவல்.

வழங்கல்களுக்கும் ஆயுள் உண்டு. வீட்டுத் தொலைக்காட்சிக்கென்றே இருந்த மித்புண்டு 2016 இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஓபன்எலெக்கிலிருந்து பிரிந்து தோன்றியதே லிப்ரெ-எலெக். தாய் பின்னர் மறைந்தது, சேய் நிற்கின்றது. ஆதலின் முறைமையை ஒரு தட்டிலும் குடும்பத்துச் செல்வங்களை வேறொரு தட்டிலும் வைத்தல் வேண்டும். வழங்கல் மறைந்தாலும் பாட்டனாரின் குரல் மறையலாகாது. பொது வழங்கலைத் தெரிவோர் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையோ டெபியனையோ தெரிந்தால், ஐந்தாண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

முடிவாக எமது துணிபு இது. தொலைக்காட்சிக்கென்றே ஒரு கருவி இருக்குமானால் லிப்ரெ-எலெக். ஒரே கணனி பல வேலை செய்யவேண்டுமானால் மின்ட் அல்லது உபுண்டு, அதன்மேற் கோடி. பல அறைகளிலும் கைபேசிகளிலும் பார்க்க விரும்பின், டெபியனை நிறுவி, அதிலே ஜெலிபின் என்னும் சேவையகத்தை அமைத்தல். நம்முள் ஆர்வமுடைய சிலர் விடுமுறைக் காலத்தில் ஒன்றுகூடி, அயல்வீடுகளில் மூலையிலுள்ள கணனிகளை இவ்வாறு எழுப்பிக் கொடுக்க முன்வருவார்களாயின், இன்று பேசியதன் பயன் கைகூடும்.