கொட்டகையைச் சுத்தம் செய்யும் மண்புழு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மண்புழு. "மண்புழு உரம் பத்தி எத்தனையோ பயிற்சியில கேட்டாச்சே, இன்னும் என்ன இருக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பயிற்சிகளில் மண்புழுவை ஒரு விற்பனைச் சரக்காகவே பார்த்தோம். கிலோ என்ன விலை, டன் என்ன விலை என்றே பேச்சு போகும். இன்றைக்கு நம் கொட்டகையைச் சுத்தம் செய்கிற, கூலி கேட்காத வேலையாளாக அதைப் பார்ப்போம். விற்பனை பிறகு வரட்டும்.

நம்மில் மாடோ ஆடோ இல்லாத வீடு குறைவு. ஒரு கறவை மாடு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணி போடும். மாதத்துக்கு 300 கிலோ ஆச்சு. அதை அள்ளுவது யார்? நாம்தான். விடியற்காலையில் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, எருக்குழியில் கொட்டுகிறோம். அங்கே அது வெயிலில் காய்கிறது, மழையில் கரைந்து ஓடுகிறது. சத்தில் நல்ல பங்கு வீணாகிவிடுகிறது. குழி வீட்டை ஒட்டி இருந்தால் ஈ அதில் முட்டை வைக்கும். அதே ஈ வந்து நம் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டில் உட்காரும். வயிற்றுப்போக்கு வர அதுவும் ஒரு காரணம்.

கழிவைத் தின்று மண்ணாக்குகிற உயிர்கள் நிறைய உண்டு. ஈரமான செங்கல்லைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில், நிறையக் கால்களோடு ஒன்று ஓடுமே, பார்த்திருப்பீர்கள். அதில் சில வகை தொட்டால் உருண்டையாகிவிடும். பார்க்கப் பூச்சி மாதிரி இருந்தாலும் அது பூச்சி இல்லை, இறால் நண்டு வகையறா. வெளிநாடுகளில் பல்லி, தவளையைக் கண்ணாடிப் பெட்டியில் செல்லமாக வளர்ப்பவர்கள், பெட்டியில் விழும் எச்சத்தைத் தின்பதற்காகவே இதையும் வீட்டில் வளர்க்கிறார்கள். நம் உரத் தொட்டிக்கும் இது தானாக வந்து சேரும். மருந்து அடிக்காதீர்கள். அழுகிய இலையைத் தின்று நமக்கு உதவிதான் செய்யும். ஆனால் மாடும் ஆடும் போடுகிற அளவுக்கு இதனால் ஈடு கொடுக்க முடியாது. அதற்கு மண்புழுதான் சரி.

மண்புழுவின் உழைப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறோம். சார்லஸ் டார்வின் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, 1842-ல் தன் வீட்டருகே ஒரு நிலத்தின்மேல் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 வருஷம் காத்திருந்தார். 1871-ல் பள்ளம் தோண்டிப் பார்த்தால், சுண்ணாம்பு 7 அங்குல ஆழத்தில் கிடந்தது. மேலே இருந்த மண் புழுக்கள் கொண்டுவந்து போட்டது. இதையெல்லாம் 1881-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நம் தமிழ்நாட்டிலும் சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருஷம் மண்புழுவை ஆராய்ந்து, நம் நாட்டுப் புழுக்களே போதும் என்று விவசாயிகளிடம் எடுத்துச் சொன்னவர்.

எல்லாப் புழுவும் தொட்டிக்கு ஆகாது. வயலில் ஆழமாக வளை தோண்டுகிற புழு மண்ணோடு வாழ்வது. அதைப் பிடித்துவந்து சாணியில் விட்டால் நிற்காது. சாணி, மக்கிய இலை என்று மேல்மட்டத்தில் வாழ்கிற புழுதான் நமக்கு வேண்டும். யூட்ரிலஸ், ஐசீனியா என்பவை வெளிநாட்டு வகை. பெரியோனிக்ஸ் நம் நாட்டு வகை. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் பக்கத்துக் குழுவிடம் இரண்டு கை அளவு வாங்கினாலும் போதும்.

இனி செய்முறை. 3 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி. செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ சும்மா அடுக்கினால் போதும், பூச வேண்டாம். இடம் மரத்தடி நிழலாக, தண்ணீர் தேங்காத மேடாக இருக்கட்டும். மேலே கீற்றுப் பந்தல் போடுங்கள். அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் காய்ந்த இலை, வைக்கோல். அதற்கு மேல் சாணி.

இங்கேதான் கவனம் வேண்டும். அன்றைக்குப் போட்ட பச்சைச் சாணியைக் குவித்தால் அது சூடேறும். கையை உள்ளே விட்டால் தெரியும். அந்தச் சூட்டில் புழு செத்துப்போகும். அதனால் சாணியையும் இலை தழையையும் கலந்து, தண்ணீர் தெளித்து, 15 முதல் 20 நாள் வெளியே போட்டுக் கிளறிவிட வேண்டும். சூடு அடங்கிய பிறகே தொட்டிக்குள் போகலாம். இந்த அளவுத் தொட்டிக்கு ஒரு கிலோ புழு, அதாவது சுமார் 1000 புழு, சரியாக இருக்கும். குறைவாக இருந்தால் நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆட்டுப் புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அதை ஊறவைத்து, நொறுக்கி, மாட்டுச் சாணியோடு கலக்க வேண்டும். கோழி எச்சம் காரமானது. அதை நன்றாக மக்கவைத்து, கொஞ்சமாகச் சேர்க்கலாம். உப்பு, எண்ணெய், மிளகாய், எலுமிச்சைத் தோல், மீன் கழிவு, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கிறோமே, அதில் சில மருந்து சாணியோடு வெளியே வரும். வயிற்றுப் புழுவைக் கொல்கிற மருந்து மண்புழுவை மட்டும் விடுமா? அதனால் மருந்து கொடுத்த பிறகு இரண்டு வாரச் சாணியை எருக்குழியில் தனியே போடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு? ஒரு பிடி எடுத்துக் கையில் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. புழு தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தாலும் சாகும், தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் சாகும். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, பூவாளியால் தெளித்தால் போதும். சித்திரை வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும் பார்க்க வேண்டும்.

எதிரிகள் யார் யார்? எறும்பு, எலி, பெருச்சாளி, நம் வீட்டுக் கோழி. தொட்டியைச் சுற்றிச் சின்னக் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டால் எறும்பு வராது. கோழிக்கும் எலிக்கும் கம்பி வலை போட வேண்டும்.

45 முதல் 60 நாளில் சாணி டீத்தூள் மாதிரி ஆகிவிடும். சாணி வாசனை போய் மழை பெய்த மண் வாசனை வரும். நாலைந்து நாள் தண்ணீரை நிறுத்தி, குவியலாகக் கூட்டிவையுங்கள். புழு வெளிச்சத்துக்குப் பயந்து, ஈரம் தேடிக் கீழே போய்விடும். மேலே உள்ள உரத்தை அள்ளிச் சலிக்கலாம். சலிக்கும்போது மிளகைவிடச் சின்னதாக, எலுமிச்சை வடிவில் முட்டைக்கூடுகள் கிடைக்கும். தூக்கி எறியாதீர்கள், அடுத்த தொட்டியில் போடுங்கள். சுமார் மூன்று வாரத்தில் குஞ்சு வரும். அது ஒன்றரை, இரண்டு மாதத்தில் முட்டை வைக்கத் தயாராகிவிடும். இப்படி இரண்டாவது தொட்டிக்கும் மூன்றாவது தொட்டிக்கும் புழுவை நம் முதல் தொட்டியே கொடுத்துவிடும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் சாணியில் கை வைக்க வேண்டாம். சாணியிலும் மண்ணிலும் ரணஜன்னி கிருமி இருக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். மண்புழு வளர்க்கக் கடன் வாங்காதீர்கள்.

ஏன் சொல்கிறோம்? ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் வந்து, "20 ஆயிரம் கட்டுங்க, புழுவும் தொட்டியும் தர்றோம், வளர்ந்த புழுவை நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக்கிறோம்" என்கிறார். குழுவில் உள்கடன் எடுக்கிறோம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 20 ஆயிரத்துக்கு மாதம் 400 ரூபாய். தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். ஆனால் சாணி சூடு அடங்க 20 நாள், உரம் ஆக 60 நாள். முதல் மூட்டை வருவதற்கே இரண்டரை மாதம் ஆகிவிடும். அதுவரை எதிலிருந்து கட்டுவது?

அடுத்த கேள்வி, அவர் வாங்கும் புழுவை யாரிடம் விற்பார்? உங்களைப் போல புதிதாகச் சேருகிற இன்னொரு பெண்ணிடம்தான். புதிதாகச் சேர ஆள் கிடைக்காத அன்றைக்கு எல்லாம் நின்றுவிடும். அமெரிக்காவில் ஓக்லஹாமா மாநிலத்தில் மண்புழுவைத் திரும்ப வாங்குவதாகச் சொல்லி நடந்த ஒரு நிறுவனம் 2003-ல் இப்படித்தான் மூழ்கியது. நம் ஈரோடு மாவட்டத்தில் 2012-ல் ஈமு கோழியில் நடந்ததும் இதே கதைதான். அன்று ஈமுவை வைத்துக்கொண்டு தீவனத்துக்குக் காசில்லாமல் நின்றவர்களில் நம்மைப் போன்ற பெண்களும் உண்டு. புழுவிலும் ஈமுவிலும் குற்றம் இல்லை. வாங்குகிறவர் யார் என்று கேட்காமல் பணம் கட்டியதில்தான் வினை.

உரத்தைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். 100 கிலோ மண்புழு உரத்தில் தழைச்சத்து சுமார் ஒன்று, ஒன்றரை கிலோதான் இருக்கும். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ இருக்கும். ஆகவே "ஒரு கைப்பிடி போட்டா யூரியாவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மண்ணில் நல்ல கிருமிகளைப் பெருக்கும். அதுதான் இதன் பலம். காய்கறித் தோட்டம், மல்லிகைச் செடி, நாற்றங்கால் இவற்றில் முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். மிஞ்சினால் அக்கம்பக்கத்தில் விற்கலாம். பை போட்டு, பெயர் போட்டுக் கடைக்குக் கொடுப்பதானால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-ல் மண்புழு உரம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டது. முதலில் வட்டார வேளாண் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்படி விற்றால் வரும் காசு யார் கையில் சேர வேண்டும்? சாணி அள்ளியது நாம், தண்ணீர் தெளித்தது நாம், சலித்தது நாம். மூட்டையை வண்டியில் ஏற்றுகிறவர் கையில் மொத்தக் காசும் போய்விட்டால் நம் உழைப்புக்குக் கணக்கே இல்லாமல் போகும். எத்தனை மூட்டை, என்ன விலை, யாருக்கு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். பணத்தை உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வீட்டில் சண்டை போடச் சொல்லவில்லை. கணக்கு எழுத்தில் இருந்தால் பேச்சு சுலபமாக இருக்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். குழுவுக்கு ஒரு தொட்டி போதும். மாடு வைத்திருக்கும் ஒரு உறுப்பினர் வீட்டில் தொடங்குங்கள். மற்றவர்கள் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தொட்டியிலிருந்து ஆளுக்கு இரண்டு கை புழு எடுத்துக்கொண்டு போகலாம். திரும்ப வாங்குகிறோம் என்று யாராவது ஊருக்குள் வந்தால், பணம் கட்டும் முன் கூட்டமைப்புக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேர்ந்து விசாரிப்போம்.