பொறியியல் துறைக்கு வாரீர்!

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஒரு கொத்தனாரின் மகன். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு வரைபடத் தாளில் தோற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். அப்பா ஏசவில்லை. மறுநாள் தாம் வேலை செய்த இடத்துக்கு அழைத்துப்போய்த் தூக்குக்குண்டைக் கையிலே கொடுத்தார். அவர் எழுப்பிய சுவர் அரை அங்குலம் சாய்ந்திருந்தது. "நாலு வரிசையைப் பிரித்து மறுபடி கட்டப் போகிறேன். அதற்காக வீட்டையே விட்டுவிட்டுப் போவார்களா?" என்றார். அன்று மாலையே கல்லூரிக்குப் பேருந்து ஏறினேன். அளந்து பார், பிழையைக் கண்டுபிடி, திருத்து. பொறியியல் என்பது இவ்வளவுதான்!

சென்ற வாரம் ஒரு தகப்பனார் என்னிடம், "மகள் கணக்கிலே கெட்டிக்காரி. ஆனால் பொம்பளைப் பிள்ளைக்கு மெஷின் படிப்பு எதற்கு?" என்று கேட்டார். அவருக்கு ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன்.

அ. லலிதா என்ற பெண்மணி பதினெட்டு வயதிலே கணவரை இழந்தார். கையிலே பச்சிளங்குழந்தை. தந்தையார் கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அவர் மகளை மூலையிலே உட்கார வைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு அதே கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்த்தார். லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இருவரும் அங்கே கட்டடப் பொறியியல் படிக்க வந்தார்கள். சான்றிதழில் 'ஹி' என்றே அச்சாகியிருந்ததால், அதை அடித்து 'ஷி' என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று! பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்தொடர்களை வடிவமைக்கும் பணியில் பங்குபெற்றார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

"பி.இ. படித்தவனே வேலையின்றி இருக்கிறானே" என்பீர்கள். உண்மைதான். பட்டம் மட்டும் சோறு போடாது. கையும் கருத்தும் சேர்ந்து பழக வேண்டும். ஆகவே பி.இ. ஒன்றே வழி என்று எண்ணாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் தொழில் கற்கலாம். அதில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம். படிப்படியாக ஏறுகிறவனுக்கு இடையிலே வேலையும் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும்.

வசதியில்லை என்று தயங்குவோரும் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தோருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. விசாரித்துக் கேட்டுப் பெறுவது உங்கள் கடமை.

அந்தத் தகப்பனார் இக்கூட்டத்திலே அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். ஐயா, மகளை நாளைக் காலை என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்ப நான் உடனிருக்கிறேன். கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும்.