படித்ததைப் பேசுவோம்



ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைக்கிறோம். மாதம் ஒன்று, மொத்தம் 12 போதும் என்கிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் முடித்ததும் நாலு பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

1936இல் லாகூர் மாநாட்டுக்கு அம்பேத்கர் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். மறுத்தார், மாநாடே ரத்தானது. சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் விமர்சித்தார். அடுத்த பதிப்பில் அந்த விமர்சனத்தையும் தன் பதிலையும் சேர்த்தே வெளியிட்டார் அம்பேத்கர்.

நாமும் ‘அருமை’, ஐந்து நட்சத்திரம் என்று முடித்துவிட வேண்டாம். எங்கே உடன்படுகிறோம், எங்கே முரண்படுகிறோம், ஏன் என்று சொல்வோம். பன்னிரண்டில் பாதியாவது ஒடுக்கப்பட்டோர் எழுதியதாக இருக்கட்டும். எழுத்தே மறுக்கப்பட்ட பாட்டிகளின் பேத்திகள் புத்தகத்தோடு வாதாடட்டும்.