ஏரிக்கு யார் காவல்?

1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பட்டணத்தில் உத்தியோகமும் புறநகரில் வாசமுமாக ஜீவிப்பது சாத்தியமாயிற்று. ஜனத்தொகை பெருகிற்று, மனை விலை ஏறிற்று, நெல் விளைந்த நஞ்சைகள் நகர்களாயின. பயிர் இருந்தவரை மதகையும் வரத்துக் கால்வாயையும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த ஆயக்கட்டு விவசாயிகள் அருகிப்போகவே, செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மழைநீரைக் கொண்டு சேர்த்த ஏரிகள், பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளின் கழிவுநீரையும் ஆகாயத்தாமரையையும் சுமக்கலாயின. சதுப்பு நிலத்தின் கதியோ கேட்க வேண்டாம்: ஒரு புறம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபுறம் கணினிக் கம்பெனிகளின் மாளிகைகள்.

செல்வம் பெருகினால் சுற்றுப்புறமும் காலக்கிரமத்தில் தானே சீர்படும் என்பார் பொருளாதார நிபுணர் சிலர். எனக்கு அதில் பூரண சம்மதமில்லை. செல்வர்க்கு லாரித் தண்ணீர் கிடைக்கும்வரை ஏரியின் ஞாபகம் வருவதில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் கிணறுகள் வற்றி, அந்த லாரியும் அரிதானபோதுதான், தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்து வாசிகள் மண்வெட்டியும் கூடையுமாகத் தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். அதன் பின்னரே அரசாங்கமும் நிதி ஒதுக்கிற்று.