புல்வெளிப் பறவையின் எல்லையும் கூடும்



ஓவேலி என்னும் பெயர் செவிக்குத் தமிழ்போல ஒலிப்பினும், அஃது ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்பதன் சுருக்கமே ஆகும். நீலகிரியை 1847ஆம் ஆண்டில் அளந்து அறிக்கை எழுதிய ஜான் ஆக்டர்லோனியின் குடும்பத்தார் இங்குக் காப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். பின்னர்த் தேயிலை வந்தது, ஏலம் வந்தது, மிளகு வந்தது. இன்று கூடலூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியாக விளங்கும் இப்பள்ளத்தாக்கிலிருந்து தலை நிமிர்ந்து நோக்கினால், முக்குருத்திப் பகுதியை நோக்கி உயரும் நீலகிரி மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பு தோன்றும். அவ்விளிம்பிற்கு அப்பால் விரிவது புல்வெளி. மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாய் அமைந்த அந்நிலமே இவ்வுரையின் களம்.

நீலகிரியைப் பாடிய கவிஞர் பலர். மழை, பனிமூட்டம், யானை, தேயிலை பறிக்கும் பெண்ணின் கை ஆகிய அனைத்தும் பாட்டில் இடம்பெற்றுள்ளன. புல்வெளி மட்டும் பின்புலமாகவே நின்றுவிட்டது. மரமில்லாத இடத்தை வெற்றிடம் என்று கருதும் பழக்கம் நம் சொல்லிலேயே ஊறியுள்ளது. தரிசு என்கிறோம், பொட்டல் என்கிறோம். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூப்பது இப்புல்வெளிச் சரிவுகளில்தான். 2006இலும் 2018இலும் அது பூத்தபோது மலையேறிக் கண்டவர் எண்ணற்றோர். பூ உதிர்ந்தபின் அந்நிலத்தில் என்ன வாழ்கிறது என்று நின்று நோக்கியவர் சிலரே.

திணையும் புள்ளும்

தெய்வம், உணவு, விலங்கு, மரம் என்னும் கருப்பொருள் வரிசையில் புள்ளையும் தொல்காப்பியர் வைத்தார். வைத்தவர் ஒரு நெகிழ்ச்சியையும் தந்தார். ஒரு நிலத்தின் பூவும் பறவையும் பிறிதொரு நிலத்துப் பாட்டில் இடம்பெறலாம். இடம்பெற்ற நிலத்துக்கே அவற்றை உரியனவாகக் கொள்ளலாம் என்பது அகத்திணையியல் தரும் இசைவு. பூவைக் கொய்து எடுத்துச் செல்லலாம். பறவை தானே பறந்து செல்லும். ஆதலின் இவ்விதி உலகியலோடு பொருந்துவதே. காகமும் மைனாவும் எத்திணையிலும் குடிபுகும்.

ஆயினும், இவ்விசைவைத் தம் வாழ்வால் மறுக்கும் பறவைகள் சில உள்ளன. அவற்றுள் தலையாயது நீலகிரி நெட்டைக்காலி. சிட்டுக்குருவியினும் சற்றே பெரியது. பழுப்பு நிற முதுகில் கரிய கீற்றுகள் கொண்டது. மெல்லிய நீண்ட காலால் புல்லிடையே நடந்து பூச்சி பொறுக்குவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளையன்றி உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. திணை மயக்கம் அறியாத புள் என்று இதனைக் கூறலாம். இத்தகைய பறவை எங்கே நின்று பாடுவது, எங்கே கூடு வைப்பது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறது? இக்கேள்விக்கு விடை காண்பது பறவை நூலார்க்கு மட்டுமன்றிக் கவிஞர்க்கும் பயன் தருவது.

பாட்டே வேலி

பறவை மகிழ்ச்சியால் பாடுகிறது என்பது கவிமரபு. 1920இல் எலியட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட நூல் அம்மரபை வேறொரு கோணத்தில் காணச் செய்தது. இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது ஆண்பறவை ஒரு நிலப்பகுதியைத் தனதாக்கிக் கொள்கிறது. அதன் பாட்டு அவ்வெல்லையை அறிவிக்கும் குரல் என்று அவர் விளக்கினார். ஒரே பாட்டு இரு செவிகளில் இரு பொருள் தருகிறது. மற்றோர் ஆணுக்கு அது, 'இங்கு வாராதே' என்னும் எச்சரிக்கை. பெண்ணுக்கு, 'இங்கு வருக' என்னும் அழைப்பு. எல்லையைக் குரலால் காப்பதனால் உடலால் மோதும் தேவை குறைகிறது. காயமும் இல்லை, காலமும் வீணாவதில்லை.

காட்டுப் பறவைக்குக் கிளை உண்டு. அதன்மேல் அமர்ந்து பாடும். மரமற்ற வெளியில் வாழும் பறவை எங்கே அமர்வது? வானையே மேடையாக்கிக் கொள்வதுதான் வழி. வானம்பாடி செங்குத்தாக மேலெழுந்து பாடிக்கொண்டே மிதப்பது இதனால்தான். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியின் மலபார்க் கொண்டை வானம்பாடியும் அவ்வாறே வானிற் பாடித் தரையில் கூடு வைக்கிறது. 1971இல் கோவையில் தோன்றிய புதுக்கவிதை இயக்கம் தனக்கு வானம்பாடி என்று பெயர் சூட்டிக்கொண்டது. அப்பெயரில் விண்ணளாவும் விடுதலையை நாம் கேட்டோம். அப்பறவையோ தரையில் தனக்குரிய ஒரு துண்டு நிலத்திற்காகவே விண்ணில் பாடுகிறது. இவ்வுண்மை அப்பெயரின் பெருமையைக் குறைப்பதன்று, மிகுவிப்பது.

இடம் தேர்தல்

ஒரு புல்வெளியைத் தேர்கையில் பறவை பலவற்றை நோக்குகிறது. புல்லின் உயரமும் அடர்த்தியும் முதலாவன. மிகக் குட்டையான புல் மறைவு தராது. மிக அடர்ந்த புல் நடக்க வழி தராது. குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும். மரங்கள் தொலைவில் இருத்தல் வேண்டும். ஏனெனில் மரம் என்பது காகமும் வல்லூறும் அமர்ந்து கூட்டை நோட்டமிடும் கோபுரம். வெளி பரந்ததாகவும் இருத்தல் வேண்டும். நான்கு புறமும் மரம் சூழ்ந்த சிறு புல்திட்டில் எவ்விடமும் விளிம்பே ஆகிவிடும். நடு என்று ஒன்று இராது.

இவற்றோடு மற்றொன்றும் உண்டு. பறவை தன் இனத்தாரின் குரலையும் சான்றாகக் கொள்கிறது. கனடாவில் பாபோலிங்க் என்னும் புல்வெளிப் பறவையை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு வியப்பூட்டுவது. இனப்பெருக்கம் முடியும் தறுவாயில், அப்பறவை வாழத் தகாத சில இடங்களில், அதன் பாட்டை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கச் செய்தனர். மறு ஆண்டு, முதன்முறையாக இடம் தேடி வந்த இளம்பறவைகள் அத்தகாத இடங்களிலும் குடியேறின. 'முன்னோர் இங்குப் பாடினர். ஆகவே இது நல்ல இடம்' என்று அவை நம்பின எனலாம். இளங்கவிஞர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. அதனை விரிக்க வேண்டுவதில்லை.

நம்பிக்கை ஏமாற்றுவதும் உண்டு. வடஅமெரிக்காவில் வைக்கோலுக்கென வளர்க்கும் புல்வயல்கள் இப்பறவைக்கு மிகச் சிறந்த இடமாகத் தோன்றுகின்றன. கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு சிறகு முளைக்குமுன் அறுவடைப் பொறி வந்துவிடுகிறது. பறவையின் தேர்வில் பிழையில்லை. அத்தேர்வு எந்த உலகிற்காக உருவாயிற்றோ அவ்வுலகம் மாறிவிட்டது.

கூட்டின் இடம்

எல்லை வகுப்பது பெரும்பாலும் ஆணின் பணி. அவ்வெல்லைக்குள் கூட்டின் இடத்தை முடிவு செய்வது பல இனங்களில் பெண்ணே. நீலகிரி நெட்டைக்காலி கோடையில் தொடங்கி மழையின் முற்பகுதி வரை, ஏறத்தாழ ஏப்ரல் முதல் சூலை வரை, கூடு வைக்கிறது. புற்றூற்றின் அடியில் தரையோடு தரையாய், புல்லால் பின்னிய சிறு கிண்ணம் அது. மேலே சாய்ந்த புல்லிதழே கூரை. அக்கூரை வெயிலையும் மறைக்கும். வானிலிருந்து நோக்கும் பகைக் கண்ணையும் மறைக்கும். தரையிற் கூடு வைக்கும் பறவைகள் நேரே கூட்டில் வந்து இறங்குவதில்லை. சற்றுத் தொலைவில் இறங்கிப் புல்லிடையே நடந்தே சேரும். கூட்டின் இடத்தைத் தேர்வதில் அதனை அடையும் வழியைத் தேர்வதும் அடங்கும்.

ஓவேலிக்கு அண்மையிலேயே மற்றொரு பறவையின் வரலாறு உள்ளது. அகன்ற வாலுடைய புல்குருவி ஒன்றை 1840களின் தொடக்கத்தில் அறிவுலகிற்கு முதலில் விவரித்தவர் டி. சி. ஜெர்டன் என்னும் மருத்துவர். அதற்கான பறவை அவருக்குக் கிடைத்தது கூடலூர்ப் பக்கம். இக்குருவி நெட்டைக்காலியினும் வேறான நாட்காட்டி உடையது. தென்மேற்குப் பருவமழை இறங்கிப் புல் நெடிதுயர்ந்த பின்னரே ஆண் புல்நுனியிலிருந்து படபடத்து எழுந்து பாடும். இதன் கூடு கிண்ணமன்று, புல்லாலான பந்து. மழைக்காலத்தில் கூடு வைப்பதற்கு ஏற்ற வடிவம் அது. பாடும் பருவம் முடிந்ததும் புல்லுக்குள் மறைந்துவிடும். அதன்பின் அதனைக் காண்பது அரிது. பாடாத காலத்தில் இல்லாததாகவே எண்ணப்படும் உயிர் அது.

புதர்ச்சிட்டின் இயல்பு வேறு. சாலையோர மண்வெட்டுகளின் பொந்துகளிலும் அது கூடு வைக்கும். வேலிக்கம்பத்திலும் அமர்ந்து பாடும். தேயிலைத் தோட்டம் வந்தபோது அது தன்னை மாற்றிக்கொண்டது. நெட்டைக்காலிக்கு அம்மாற்றம் கூடவில்லை.

சுருங்கும் வெளி

19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த சீகை மரமும் கற்பூர மரமும், பின்வந்த பைன் மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. விறகு, தோல் பதனிடும் பட்டை, காகிதக்கூழ் என்று காரணங்கள் பல. விடுதலைக்குப் பின்னரும் அப்பணி தொடர்ந்தது. நட்ட மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. சீகை விதை தானே பரவியது. பழனி மலையில் நாற்பதாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, நீலகிரி நெட்டைக்காலி வாழும் மலைப்பரப்பு முழுவதையும் கணக்கிற் கொண்டது. உயரம் மிகுந்த, தொடர்ச்சியறாத பெரிய புல்வெளிகளிலேயே இப்பறவை மிகுதியாக உள்ளது. முன்பு வாழ்ந்த தாழ்வான இடங்கள் பலவற்றில் அது காணப்படவில்லை. உயர்ந்த இடமாயினும் புல்வெளி சிறு திட்டாயிருந்தால் அங்கும் அது இல்லை. வெப்பம் ஏற ஏற மேல்நோக்கிச் செல்ல வேண்டிய இப்பறவைக்கு, மலையுச்சிக்கு மேல் செல்ல இடமில்லை.

மரம் நடுதல் அறம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் கற்பிக்கிறோம். சமவெளியின் வெயிலில் அது அறமே. உயர்மலைப் புல்வெளியில் நடும் ஒரு மரமோ ஒரு பாட்டின் எல்லையை அழிக்கிறது. அயல் மரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதைத் தமிழ்நாடு அரசு 2022இல் தன் கொள்கையாக அறிவித்தது. இதற்கு மக்கள் மனம் இசைய வேண்டுமாயின், புல்வெளி வெற்றிடமன்று என்னும் உணர்வு முதலில் தோன்றவேண்டும். அவ்வுணர்வை ஆணையால் உண்டாக்க இயலாது. அது சொல்லால் உண்டாவது. ஆகவே கவிஞரின் கடமையாகிறது.

நிலமும் உரிமையும்

ஓவேலியில் நின்று நில எல்லை பற்றிப் பேசுவோர் மனிதரை மறந்து பேசுதல் தகாது. 1969இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின்பின், 'பிரிவு 17 நிலம்' என்னும் சொல் இவ்வட்டாரத்தில் வீட்டுச் சொல்லாயிற்று. தொல்குடியினர், கேரளத்திலிருந்து வந்தோர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் எனப் பலரும் பட்டா என்னும் ஒரு தாளுக்காகப் பல்லாண்டு காத்திருந்தனர். குரல் எழுப்பியே தன் இடத்தை உறுதி செய்யவேண்டிய நிலை பறவைக்கு இயற்கை. மனிதர்க்கு அது துயரம். பறவையைக் காப்போம் என்று கூறுவோர் இம்மக்களை அயலாராகக் கருதின், அக்குரல் இப்பள்ளத்தாக்கில் எடுபடாது. தனக்கென ஓர் இடம் இன்மையின் துன்பம் யாதென அறிந்தோர் இம்மக்களே; புல்வெளிக் குருவியின் வழக்கை விளங்கிக்கொள்ள இவர்களினும் தகுதியுடையோர் இலர்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

புதுக்கவிதையில் 'பெயர் தெரியாத பறவை' அடிக்கடி வருகிறது. அத்தொடர்க்கு ஓர் அழகு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், சங்கப் புலவர் பறவையைப் பெயரிட்டுப் பாடினர். பாலை வழியில் குரலெழுப்பும் கணந்துள்ளை அவர்கள் பெயரோடும் குணத்தோடும் அறிந்திருந்தனர். அவர்கள் பாடியதனாலேயே அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நெட்டைக்காலி என்பதும் நல்ல தமிழ்ப்பெயரே. அதனைத் தாங்கிய கவிதை அரிது.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், கோடைமழை பெய்த ஒரு காலையில் உறுப்பினர் சிலர் புல்வெளி ஓரம் சென்று, கூட்டை நெருங்காமல், வழியிலேயே நின்று கேட்கட்டும். கேட்டதைப் பெயரோடு எழுதட்டும். அவ்வாறு எழுதப்படும் கவிதைகளில் ஒன்றேனும் புல்வெளியைத் தரிசு என்னும் சொல்லிலிருந்து மீட்குமாயின், இப்பத்தாண்டு விழா பயன் பெற்றதாகும்.