வார்டருக்கு ஒரு நாற்காலி



சிறையிலே இருக்கிற மனநோயாளிக்கு வீடியோ வைத்தியம் உதவுமா, உதவாதா? உதவும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டாங்க: “யாரோ ஒளிஞ்சிருந்து என்னைப் பார்க்கிறாங்கன்னு பயப்படுறவன் முன்னாலயே கொண்டுபோய்க் காமிராவை வைக்கிறீங்களே, நியாயமா?” நல்ல கேள்வி. நானும் கைதட்டினேன். (சிரிப்பு)

அம்மா, முதல் தடவை டாக்டர் நேரிலேயே போகட்டும். பக்கத்திலே உட்கார்ந்து பேசட்டும். கைது ஆனவரையே முதல் முறை மாஜிஸ்திரேட் முன்னால் நேரில் நிறுத்தணும், அப்புறம் நீதிமன்றக் காவலை நீட்டிக்க வீடியோ போதும் என்று சட்டம் இருக்கே! அதே வழியைத்தான் நான் கேட்கிறேன். இந்த நோய் ஒரு ஊசியோடு முடிகிற சமாச்சாரமா? மாசா மாசம் பார்க்கணும். மருந்தைக் கூட்டணும், குறைக்கணும். கைதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வழிக்காவல் போலீஸ் வேணும், வண்டி வேணும். அன்னிக்குன்னு பார்த்து ஊருக்கு மந்திரி வந்துட்டார்னா? போலீஸ் பந்தோபஸ்துக்குப் போயிடும். கைதியோட வைத்தியம் அடுத்த மாசத்துக்குப் போயிடும். (கைதட்டல்)

வைத்தியத்தோடு முடியலைங்க. வழக்கும் இருக்கு. தன் மேலே என்ன வழக்கு என்றே புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், விசாரணையை நிறுத்தி வைக்கணும். நல்ல சட்டம்தான். குணமானதும் தொடங்கணும். ஆனால் குணமான சேதி கோர்ட்டுக்குப் போய்ச் சேரணுமே!

அசாமிலே மச்சாங் லாலுங் என்று ஒரு மனிதர். 1951-இல் கைது. வயசு 23. மனநோய் என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் ‘குணமாயிட்டார்’ என்று அங்கே சொல்லியாச்சு. வீட்டுக்கு அனுப்பினாங்களா? இன்னொரு சிறைக்கு அனுப்பினாங்க! விசாரணையே நடக்காமல், 2005-இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தார். அப்போ வயசு 77. ஐம்பத்து நாலு வருஷம், ஐயா!

(நடுவர்: காகிதத்தை மறந்தவங்க காமிராவை மறக்க மாட்டாங்களா?)

மறக்கலாம் ஐயா. ஆனா காகிதம் எந்த மேஜையிலேயும் சத்தமில்லாமல் தூங்கும். மனுஷன் முகம் மாசம் ஒரு தடவை திரையிலே வந்து நின்னா, பக்கத்திலே டாக்டரும் வந்து ‘இவர் தெளிவா இருக்கார்’ என்று சொன்னா, நீதிபதி எத்தனை மாசம்தான் பேசாமல் இருப்பார்? அமெரிக்காவிலே இருக்கிற ஒரு டாக்டர் வீடியோ மூலம் சாட்சி சொல்லலாம் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்து மாவட்டத்து டாக்டர் சொல்லக் கூடாதா?

எதிரணி சொல்லாத ஒரு குறையை நானே சொல்லிடுறேன். மனநோய் மருந்து சிலருக்குக் கை காலை விறைக்க வைக்கும். முழங்கையை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும், திரையிலே தெரியாது. வெளிநாட்டுப் பையனை வீடியோவிலே பார்த்து, ‘இப்படி மெலிஞ்சிட்டியேப்பா’ன்னு அம்மா அழுவா. அவன் பத்து கிலோ ஏறியிருப்பான்! (பலத்த சிரிப்பு) அதனாலேதான் கைதி பக்கத்திலே ஒரு நர்ஸ் வேணும். கையை மடக்கிப் பார்க்க. லித்தியம் சாப்பிடுறவருக்கு ரத்தம் எடுத்து அளவு பார்க்கவும் ஆள் வேணும்.

ஆனா பக்கத்திலே வார்டர் நிக்கக் கூடாது. ‘ராத்திரியிலே பயமா இருக்கு, செத்துடலாம்னு தோணுது’ என்பதை ஒருத்தன் லத்திக்கு முன்னால் சொல்லுவானா? ‘இவர்தான் என்னை அடிக்கிறார்’ என்று அவரை வச்சுக்கிட்டே சொல்ல முடியுமா? ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலாவது, அதன் மருத்துவப் பிரிவில் மனநல மருத்துவ நிலையம் அமைக்கணும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை கொடுங்க. வார்டர் வெளியே உட்காரட்டும். கண்ணுக்குத் தெரியட்டும், காதுக்குக் கேட்க வேண்டாம்.

அந்த நாற்காலிக்கு எதிரணியும் சம்மதித்தால், நடுவர் ஐயா, தீர்ப்பு எழுதுகிற வேலை உங்களுக்குச் சுலபம். (பலத்த கைதட்டல்)